அடித்தவன் சொல் அளவையாமோ?

ஒரு தொழிலைச் செய்ய வல்லவன் அதனை எடுத்துச் சொல்லவும் வல்லவன் என்று நம்புவது நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். நன்றாகப் பாடுகின்றவரிடம் பாட்டின் நுட்பம் கேட்கிறோம். ழகரத்தைச் செவ்வனே ஒலிக்கின்றவரிடம் நா எங்கே போகின்றது என்று கேட்கிறோம். அவர் சொல்வதை ஆப்த வாக்கியமாகக் குறித்துக்கொண்டு வந்து வகுப்பிலே மாணாக்கருக்கு ஓதுகிறோம். மாணாக்கனுக்கு அது கைவராதபோது, குறை அவனுடையதென்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். இவ்வழக்கம் எத்துணைத் தீங்கு விளைக்க வல்லது என்பதைக் காட்டுதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு வேண்டுமென்று நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அஃது அகப்பட்ட இடம் நான் எதிர்பாராத இடம்: கோல்ப் என்னும் ஆட்டம்.

பண்டிதனுக்கும் கோல்புக்கும் என்ன தொடர்பென்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு யாதும் இல்லை. அந்தக் கோலை நான் கையாலும் தொட்டவனல்லன். கொழும்பிலே 1879ஆம் ஆண்டு முதல் இவ்வாட்டத்துக்கு ஒரு கழகம் உண்டு. அதன் புற்றரையை ஊடறுத்துச் செல்லும் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதத்தின் சாளரத்திலிருந்து, ஆட்டக்காரர் சிலர் வண்டி கடக்கும்வரை காத்து நிற்பதைக் கண்டதுண்டு; அவ்வளவே. ஆயின், எங்கள் பாடசாலையிற் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இவ்வாட்டத்தின் கேத்திரகணிதத்தையும் இயந்திரவியலையும் கூறும் நூல்கள் சிலவற்றை வைத்திருக்கிறார். அவர் சொல்லக் கேட்டும், பின்னர் நானே படித்தும் அறிந்தவற்றைக் கொண்டே எழுதுகிறேன்.

'கோல்' என்னும் தமிழ்ச்சொல்லே 'கோல்ப்' ஆயிற்று என்று எவரேனும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முற்படுமுன் ஒன்று கூறிவிடுகிறேன்: இஃது ஒலியொப்புமை மாத்திரமே. தடியைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லொன்றோடு இதனை இணைப்பாரும் உளர். ஸ்கொத்லாந்திலே 1457ஆம் ஆண்டில், இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்துப் பாராளுமன்றம், வில்வித்தைக்கு இடையூறென்று கண்டு இவ்வாட்டத்தைத் தடைசெய்தது. இதன் பழைமைக்கு அதுவே சான்று. சொல் எங்கிருந்து வந்தாலென்ன, அடிக்கும் கருவியைக் கோல் என்றும், அதன் நுனியிலுள்ள கனத்த பகுதியைக் கோற்றலை என்றும், பந்திற் படும் பக்கத்தைக் கோல்முகம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவேன்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. நிலத்திலே கிடக்கும் ஒரு சிறு பந்து. அதன் அருகே பக்கவாட்டில் நிற்கும் ஒரு மனிதன். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது, திணிவு 45.93 கிராமுக்கு மிகலாகாது. அதனைக் கோலால் அடித்து, 108 மில்லிமீற்றர் அகலமான ஒரு குழியிற் சேர்த்தல் வேண்டும். கோலின் தண்டு தலையிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றால், மணிக்கூட்டின் ஊசல்போல நேரே ஆட்டிவிடலாம். விதி அதற்கு இடங்கொடாது. நிலைக்குத்திலிருந்து தண்டு 10 பாகையாயினும் சாய்ந்திருத்தல் வேண்டும் என்பது விதி. பெரும்பாலான கோல்கள் அதனினும் மிகச் சாய்ந்தவை. ஆகவே மனிதன் பந்துக்குச் சற்று எட்டத்தில் நிற்கிறான். கோற்றலை அவனைச் சுற்றிச் சாய்வான ஒரு வட்டத்திற் செல்கிறது. இந்தச் சாய்வுதான் எல்லாச் சங்கடத்துக்கும் மூலம்.

சாய்ந்த வட்டத்தின் அடிப்புள்ளி ஒன்றிலேதான் கோற்றலை அத்தளத்தின் அடிக்கோடு வழியே நேரே செல்கிறது. அதற்கு முன்பு அது கீழ்நோக்கிச் செல்லும்போதே அடிப்பவனை விட்டு அப்பாலும் செல்கிறது; வலக்கை ஆட்டக்காரனுக்கு அஃது இலக்கின் வலப்புறம். அடிப்புள்ளியைக் கடந்தபின், மேல்நோக்கி எழும்போதே உள்நோக்கியும் திரும்புகிறது. தளத்தின் சாய்வு 60 பாகையாகவும், பந்தைத் தொடும் கணத்தில் தலை 4 பாகை கீழ்நோக்கியும் செல்வதாகக் கொள்வோம். அப்போது அதன் வழி அடிக்கோட்டிலிருந்து 2 பாகைக்கு மேல் வலப்புறம் விலகியிருக்கும். 2 பாகைதானே என்று எண்ணுதல் வேண்டா. திசையில் 1 பாகை தவறினால், 200 மீற்றருக்கப்பால் அது மூன்றரை மீற்றர். எல்லாம் நேராகச் செய்தேன் என்று சத்தியஞ் செய்யும் ஆட்டக்காரனது பந்து பற்றைக்குள் வீழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வலிமையின் கதையைப் பார்ப்போம். தொலைவுக்கு அடிக்க வல்ல ஆட்டக்காரரிடம் அதன் இரகசியத்தைக் கேட்டால், கடைசிக் கணத்தில் மணிக்கட்டை முழுப் பலத்தோடும் முறுக்கி அடித்தலே என்று சொல்வாருண்டு. அலஸ்ரெயர் கொக்ரன், ஜோன் ஸ்ரொப்ஸ் என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், இவ்வீச்சை இரண்டு நெம்புகோல்களின் இயக்கமாகப் பகுத்துக் காட்டிற்று. நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் தியடோர் யோர்கன்சன் 1994இல் எழுதிய நூல் அதனைக் கணக்கிட்டு விரித்தது. அவர்கள் கூறுவதை வகுப்பறையிலே இரண்டு தடிகளால் எவரும் காட்டிவிடலாம்.

இரண்டு தடிகளை முனையோடு முனை தளர்ச்சியாகக் கட்டுக. முதற்றடி, தோளிலிருந்து மணிக்கட்டுவரையுள்ள கை, இரண்டாவது, கோல். இரண்டையும் மடித்துப் பிடித்து முதற்றடியை மாத்திரம் சுழற்றுக. இரண்டாவது தடி தொடக்கத்தில் மடிந்தபடியே வரும். வேகம் ஏற ஏறத் தானாகவே வெளியே விரியும். விரியும்போது முதற்றடியைப் பின்னுக்கு இழுக்கும். முதலாவதன் வேகம் தணிய, அஃது இழந்த சக்தியை இரண்டாவதன் நுனி பெற்றுப் பறக்கும். எவரும் அதனை முறுக்கவில்லை. மணிக்கட்டை வேளைக்கு முன்னே விரிப்பவன் வேகத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறான்; விரியவிடாது சிறிது தாமதிப்பவனே மிக்க வேகம் பெறுகிறான் என்பது யோர்கன்சன் கணக்கின் முடிபு. சமகால இடைவெளிகளில் ஒளியை மின்னவிட்டு ஒரே தகட்டில் வீச்சு முழுவதையும் பதியும் முறையொன்றுண்டு. அமெரிக்காவிலே ஹரல்ட் எட்ஜேர்ட்டன் 1930களில் அதனால் ஆட்டக்காரரைப் படம் பிடித்தார். அத்தகைய படங்களிற் பந்தை அணுகுந்தோறும் கைகளின் உருவங்கள் நெருங்கி நெருங்கி வருகின்றன. கோற்றலையின் உருவங்களோ விலகி விலகிச் செல்கின்றன. கை தாமதிக்கிறது, தலை விரைகிறது. மிக விரைவாகக் கையை வீசினேன் என்று ஆட்டக்காரன் எண்ணும் அதே கணத்தில் அவன் கை வேகம் இழந்துகொண்டிருக்கிறது.

அவனுடைய உணர்ச்சி ஏன் அப்படி? அதற்கும் காரணமுண்டு. 200 கிராம் திணிவுள்ள தலை, செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில், ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆரையுள்ள வட்டத்திற் சுழல்கின்றதென்க. அதனை வட்டத்தினின்றும் விலகாது பிடித்து வைத்தற்கு ஏறத்தாழ 40 கிலோகிராம் பாரத்தைத் தூக்குதற்கு வேண்டிய விசை வேண்டும். கோல் பறந்துபோக முயல்கிறது. கைகள் அதனைத் தன்பால் இழுத்துப் பிடிக்கின்றன. இந்தப் பெரும் இழுவையைத்தான் அவன் அடியின் பலம் என்று உணர்கிறான். இழுத்ததைத் தள்ளியதாகச் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. உணர்ந்ததைச் சொல்கிறான்.

காலக்கணக்கும் இதற்குத் துணை. உச்சியிலிருந்து கோல் இறங்கிப் பந்தை அடைதற்கு ஏறத்தாழக் கால் செக்கன் ஆகும். ஒன்றைக் கண்டோ உணர்ந்தோ அதற்கேற்ப உடலை மாற்றுவதற்கு மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்திலொரு செக்கன் வேண்டும். எனவே இறக்கம் தொடங்கியபின் திருத்துதற்கு நேரமில்லை. பந்தும் கோல்முகமும் தொட்டுக்கொண்டிருப்பதோ செக்கனில் 2,000இல் ஒரு பங்கு. அந்நேரத்துள் கோற்றலை செல்லும் தூரம் ஏறத்தாழ 2 சதமமீற்றர். 46 கிராம் பந்து செக்கனுக்கு 67 மீற்றர் வேகம் பெறுகிறது. சராசரி விசையைக் கணக்கிட்டால் அரைத் தொன் பாரத்துக்கும் மேலாகிறது. பந்து தொட்ட செய்தி கையிலிருந்து மூளையைச் சேருமுன் அது முகத்தை விட்டு ஒன்றரை முழத்துக்கு அப்பாற் போய்விடும். 'அடிக்கும் கணத்திற் பந்தைச் சற்றே அணைத்துத் திருப்பிவிட்டேன்' என்று கூறுகின்ற ஆட்டக்காரன், நடந்துமுடிந்த ஒன்றுக்கு உரை எழுதுகிறான். உரையாசிரியரை நான் குறைவாகச் சொல்பவனல்லன். ஆயினும் உரை மூலமாகாது.

இவ்விடத்திற் பென் ஹோகன் என்னும் பெருவீரரைக் குறிப்பிடாது விடலாகாது. 1949இல் அவருடைய மோட்டார் வண்டி ஒரு பேருந்தோடு மோதி, நடப்பாரோ என்று ஐயுறும் நிலையிற் கிடந்தவர்; 1950இல் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றவர்; 1953இல் ஒரே ஆண்டில் மூன்று பெரும் போட்டிகளை வென்றவர். 1957இல் வெளிவந்த அவருடைய 'ஐந்து பாடங்கள்' என்னும் நூலில் ஒரு படம் உண்டு. அந்தனி ரவியெல்லி என்னும் ஓவியர் தீட்டியது. பந்திலிருந்து சாய்வாக எழுந்து ஆட்டக்காரனின் தோள்களிற் கிடக்கும் ஒரு கண்ணாடித் தகடு. அதிலுள்ள துவாரத்தின் ஊடாக அவன் தலை மாத்திரம் மேலே தெரிகிறது. கோலை ஏற்றும்போது கைகள் அக்கண்ணாடியை உடைத்துவிடலாகாது என்பது பாடம். இறக்கத்துக்கு வேறொரு தளம். சாய்வு சற்றுக் குறைந்தது, இலக்கின் வலப்புறம் சற்றே திரும்பியது.

அப்படம் எத்தனையோ இலட்சம் பேரின் மனத்தில் நிலைத்துவிட்டது. உவமை என்ற வகையில் அதனை நான் மெச்சுகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வைக் கண்ணாடியாக்கிக் காட்டியது கவித்துவமான செயலே. ஆயின் பிற்காலத்திற் பல ஒளிப்படக் கருவிகளை ஒருங்கே இயக்கி, வீச்சின் ஒவ்வொரு புள்ளியையும் வெளியில் அளந்து பார்த்தனர். கைகளும் கோலும் இறக்கம் முழுவதும் ஒரே தளத்திற் செல்வதில்லை. இறக்கத்தின் பிற்பகுதியிலே, பந்துக்கு முன்னும் பின்னுமாக, கோற்றலை மாத்திரம் ஏறத்தாழ ஒரு தளத்திற் செல்கிறது. கைகள் அதே தளத்தில் இருப்பதில்லை. ஹோகன் கண்ணாடி என்றது உவமை. மாணாக்கர் அதனை விதியாகக் கொண்டு, தகட்டிலே கையை ஒட்டிவைக்க முயன்று வருந்தினர். உவமையைப் பொருளென மயங்கினால் வரும் இடரைத் தமிழ் படித்தோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகம் சந்திரன் என்றால், எத்தனை மைல் விட்டம் என்று எவரும் கேட்பதில்லை.

ஆயினும் கண்ணாடி பெரிய தீங்கு செய்யவில்லை. பெருந்தீங்கு செய்தது வேறொரு விதி. பந்து எத்திசையிற் புறப்படும், எப்பக்கம் வளையும் என்பது பற்றியது அது. பல பத்தாண்டுகளாக ஆட்ட ஆசான்கள் பலர் கற்பித்தது இது: கோற்றலை எவ்வழிச் செல்கின்றதோ அவ்வழியே பந்து புறப்படும், பின்னர், கோல்முகம் எங்கே நோக்கியிருந்ததோ அங்கே வளைந்து சென்று சேரும். கேட்பதற்கு எவ்வளவு அழகு! வழி தொடக்கத்தைத் தரும், முகம் முடிவைத் தரும். சூத்திரம்போல் இருக்கிறது. சிறந்த ஆட்டக்காரரும் தம் அனுபவம் அதுவே என்றனர். அச்சிட்டனர், பரீட்சைக்கும் கற்பித்தனர்.

உண்மை ஏறத்தாழத் தலைகீழ். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகமே. நீண்ட கோலில் ஏறத்தாழ 85 வீதம், குறுகிய இரும்புக் கோல்களில் ஏறத்தாழ 75 வீதம். முகத்துக்கும் வழிக்கும் இடையிலுள்ள வேறுபாடே பந்தை வளைக்கிறது. முகத்தின் செங்கோடு ஒன்று, தலை செல்லும் வழி ஒன்று. இவ்விரண்டு கோடுகளும் ஒரு தளத்தை அமைக்கின்றன என்றும், பந்து அத்தளத்திலேயே புறப்பட்டு அத்தளம் சாய்ந்த பக்கமே வளைகிறதென்றும் யோர்கன்சன் தெளிவாக எழுதினார். பந்துக்குப் பின்சுழற்சி ஒன்று, பக்கச்சுழற்சி ஒன்று என இரண்டு இல்லை. உள்ளது ஒரே சுழற்சி, அதன் அச்சுச் சாய்ந்திருக்கிறது. 1994இல் எழுதப்பட்ட இதனைக் கற்பிப்போர் பலர் திரும்பியும் பார்க்கவில்லை. டென்மார்க்கிலே 2003இல் தொடங்கப்பெற்ற ரக்மான் என்னும் நிறுவனத்தின் ராடார், பந்தையும் கோலையும் தொடர்ந்து அளந்து எண்களைத் திரையிற் காட்டிய பின்னரே பழைய சூத்திரம் ஆட்டங்காணத் தொடங்கிற்று.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணாக்கனுக்கும் இலக்குக்கும் இடையே ஒரு மரம் நிற்கிறது. பந்தை மரத்தின் வலப்புறமாக அனுப்பி, இடப்புறம் வளைத்து இலக்கிற் சேர்த்தல் வேண்டும். ஆசான் கூறியபடி முகத்தை இலக்குக்கு நேரே வைக்கிறான், வலப்புறம் வீசுகிறான். பந்து முகம் நோக்கிய திசையையே பெரிதும் பற்றிப் புறப்பட்டு மரத்திற் படுகிறது. 'நீ நான் சொன்னபடி செய்யவில்லை' என்கிறார் ஆசான். மாணாக்கன் மீண்டும் செய்கிறான், மீண்டும் மரம். உண்மையில் அவன் சொன்னபடியே செய்தான். செய்தபடியால்தான் மரத்திற் பட்டது. சொல்லைக் கேளாத ஒருவன், தற்செயலாக முகத்தை வலப்புறம் திறந்து, வழியை அதனினும் வலப்புறமாக்கி வெற்றி பெற்றிருப்பான். அவனைக் கெட்டிக்காரன் என்று பாராட்டியிருப்பார்கள். வென்றவன் பின்னர் ஆசானாகி, தான் செய்யாத விதியையே தானும் ஓதியிருப்பான்! கீழ்ப்படிந்தவன் தோற்கவும் கீழ்ப்படியாதவன் வெல்லவும் அமைந்த ஒரு கல்விமுறை இரண்டு தலைமுறைக்கு மேல் நடந்தது. தோற்றவர்கள் விதியை நொந்துகொள்ளவில்லை. தங்கள் கையை நொந்துகொண்டார்கள். இதுதான் என்னை உறுத்துவது.

நம் அளவை நூல்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. காட்சி, கருதல், உரை என்று அளவை மூன்று. காட்சியிலே ஐயமும் திரிவும் நீங்க வேண்டும் என்பர். சிவஞான சித்தியார் காட்சியை மேலும் பகுத்து, இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிவதைத் தன்வேதனைக் காட்சி என்று வேறாக வைக்கிறது. ஆட்டக்காரன் 'பலமாக அடித்ததாக உணர்ந்தேன்' என்பது தன்வேதனைக் காட்சி. அதனை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அது கோலைப் பற்றிய செய்தி அன்று. அவனைப் பற்றிய செய்தி. அதனைக் கோல் பற்றிய காட்சியாகக் கொண்டு, அதிலிருந்து உரையாக்கி, உரையிலிருந்து விதியாக்கினால், மூன்று அளவைகளும் ஒருங்கே கெடுகின்றன. ஆப்தன் என்பான் உள்ளதை உள்ளவாறு உரைப்பவன் என்பது தருக்க நூல் வழக்கு. உள்ளவாறு உரைக்க வேண்டுமாயின் முதலில் உள்ளவாறு அறிந்திருத்தல் வேண்டும். ஹோகனிடம் நேர்மைக்குக் குறைவில்லை. கால் செக்கனில் நிகழ்வதை உள்ளிருந்து அறியும் வாயில் மனித உடம்பில் எவருக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

'அப்படியாயின் வல்லவர் சொல் முழுவதையும் தள்ளிவிடலாமா?' என்று கணித நண்பர் ஒருநாள் என்னை மடக்கினார். ஆகாது. 1848ஆம் ஆண்டளவில், தோலுக்குள் இறகு திணித்த பழைய பந்துக்குப் பதிலாக, மலாயா நாட்டு மரப்பாலினாற் செய்த பந்துகள் வழக்கிற்கு வந்தன. புதிதாய் வழவழப்பாய் இருந்தபோது அவை சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டு வடுப்பட்டபின் நன்றாகப் பறந்தன. இதனைக் கண்டவர்கள் ஆட்டக்காரர்களே. பந்து செய்வோர் சுத்தியலால் முன்கூட்டியே வடு வைக்கத் தொடங்கினர். இன்றுள்ள பந்தின் சிறு குழிகள் அவ்வடுக்களின் வழிவந்தவை. குழிகள் பந்தையொட்டிய காற்றைக் கலக்கி, பின்னிழுக்கும் தடையைக் குறைக்கின்றன என்ற காரணம் வெகுகாலம் கழித்தே விளங்கிற்று. இங்கே ஆட்டக்காரர் சொல் முற்றிலும் பிரமாணம். ஏன்? பந்து வெளியே பறந்தது, பலர் பார்த்தனர், பழைய பந்தையும் புதிய பந்தையும் ஒப்பிட்டனர். வல்லவன் தனக்குப் புறத்தே கண்டதைச் சொல்லும்போது செவிசாய்ப்போம். தன் உடம்பினுள் நிகழ்ந்ததைச் சொல்லும்போது அன்போடு கேட்டு, அளந்து பார்ப்போம்.

அளப்பதென்றால் பெரிய கருவி வேண்டுமென்பதில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இயற்கை மெய்யியற் பேராசிரியராயிருந்த பீற்றர் கத்றி தெயிற் என்பவருக்கு ராடார் ஏது? அவருடைய மகன் பிரெடி தெயிற் பெருவீரன். 1896இலும் 1898இலும் பிரித்தானிய அமெற்றர் போட்டியை வென்றவன். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் மாண்டவன். மகன் அடித்தான், தந்தை ஆராய்ந்தார். பந்து இவ்வளவு நேரம் வானில் நிற்பது வேகத்தினால் மாத்திரம் ஆகாது, அஃது அடிப்புறம் முன்னேறப் பின்னோக்கிச் சுழல்கின்றது, அச்சுழற்சியே அதனைத் தாங்குகின்றது என்று 1890களில் அவர் கணக்கிட்டு வெளியிட்டார். சுழற்சியைக் கண்டதெப்படி? பந்திலே ஒரு நீண்ட நாடாவின் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையை நிலைநிறுத்தி, பந்தை அடிக்கச்செய்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். ஒரு நாடா! எண்ணத் தெரிந்த ஒருவர்! நீண்ட கோலால் நன்கு அடித்த பந்து நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 முறை சுழல்கிறதென்று இன்றைய கருவிகள் கூறுகின்றன. அச்சுழற்சி உண்டென்று நாடா காட்டியது 100 ஆண்டுகளுக்கு முன்னரே.

மறுபக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுதல் நீதி. ஹோமர் கெலி என்னும் அமெரிக்கர் 1969இல் 'கோல்ப் இயந்திரம்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். வீச்சை 24 உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பற்பல வேறுபாடு வகுத்துள்ளார். அதன் சில பக்கங்களைப் படித்தபோது, புணர்ச்சி விதிகளை மாத்திரம் மனனஞ் செய்து ஒரு கடிதமும் எழுத மாட்டாத சில வித்துவான்கள் நினைவுக்கு வந்தனர். இன்று பயிற்சிக் கூடங்களில் ராடார் காட்டும் எண்களையே பார்த்துக்கொண்டு பந்தைப் பாராத மாணாக்கரும் உண்டாம். எண் உண்மையைச் சொல்லும், கையைப் பழக்காது. கையைப் பழக்குதற்கு 'கதவைச் சாத்துவதுபோல்', 'நீரை வீசுவதுபோல்' என்னும் உவமைகளே உதவும். அவற்றைத் தாராளமாக வழங்குக. ஒரே ஒரு நிபந்தனை: உவமையென்று சொல்லி வழங்குக, பலிக்காவிட்டால் உவமையை மாற்றுக, பிள்ளையை அடியாதே.

நம் வகுப்பறைக்கு வருகிறேன். ழகரம் வாராத பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் வருகின்றனர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால் வியப்பில்லை. 'நாவை நன்றாக மடித்து அழுத்திச் சொல்' என்று அவர்களுக்கு முன்னரே எவரோ கற்பித்திருக்கிறார். அவ்வாறு சொன்னவர் ழகரத்தைச் செம்மையாக ஒலிப்பவராகவே இருப்பார். தமக்கு உணரப்பட்டதைச் சொன்னார். பிள்ளை சொன்னபடியே அழுத்துகிறது. அழுத்தினால் வருவது ளகரம். பிள்ளை சிரிப்புக்கிடமாகிறது. தொல்காப்பியப் பிறப்பியலை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் தமக்கு எப்படி இருந்ததென்று அங்கே சொல்லவில்லை. நாவின் எப்பகுதி எழுந்து எதனை என்ன செய்கிறது என்பதையே சொல்கிறார். ளகரத்துக்கு நாவிளிம்பு வீங்கி அண்ணத்தைத் தடவுதல் வேண்டும். ழகரத்துக்கு நுனிநா அணரி அண்ணத்தை வருடுதல் வேண்டும். நாராயணன், பேட், கோன் என்னும் மூவர் 1999இல், காந்த அதிர்வுப் படங்கள் முதலியவற்றால் தமிழின் இத்தகைய ஒலிகளில் நா கொள்ளும் வடிவத்தையும் இயக்கத்தையும் அளந்து அமெரிக்க ஒலியியற் சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். கோற்றலைக்கு நேர்ந்த அளவு நாநுனிக்கும் நேர்ந்துவிட்டது.

ஆதலால் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடநூல் தொகுப்போருக்கு ஒரு விண்ணப்பம். சுவரிற் சாய்ந்த ஏணியும் கப்பியிற் தொங்கும் கல்லும் தம் பணியை நெடுநாள் செய்துவிட்டன; அவற்றுக்கு ஓய்வு கொடுத்து, கோல்ப் வீச்சை ஒரு பாடமாகச் சேர்க்கலாம். விசை, திணிவு, உந்தம், சக்தி, ஆர்முடுகல் என்று வேண்டிய கலைச்சொற்கள் யாவும் தமிழிலே ஆயத்தமாக இருக்கின்றன. இக்கட்டுரை முழுவதிலும் ஒரு சொல்லுக்கு நான் தடுமாறவில்லை. 200 கிராம் தலை 46 கிராம் பந்தை அடிக்கிறது. மோதியபின் விலகும் வேகம் மோதுமுன் அணுகிய வேகத்தின் 0.83 பங்கு, எனின் பந்தின் வேகம் தலையின் வேகத்துக்கு எத்தனை மடங்கு? ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று பிள்ளைகள் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடுவர். அடுத்த பக்கத்தில் மரத்தின் படத்தை வரைந்து, பழைய விதியையும் புதிய விதியையும் அருகருகே அச்சிட்டு, எவ்விதிப்படி பந்து மரத்திற் படும் என்று கேட்கலாம். பந்தும் நாடாவும் இரண்டு தடிகளும் பாடசாலைக் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.